பசை காய ஒரு நாள்

ஜெரின்,

உன் சாப்பாட்டு மேசையில் நீ வைத்துவிட்டுப் போன விபத்து அறிக்கையைப் படித்துவிட்டேன். மூன்று பக்கம். ஆங்கிலத்தில் ஒரு பிழைகூட இல்லை. உன்னை அந்தப் பள்ளியில் சேர்க்க நான் நடையாய் நடந்தது வீண்போகவில்லை. இரண்டாம் பக்கத்தின் நடுவில் மூன்று வாக்கியங்கள் இருக்கின்றன. பனி ஸ்கூட்டரின் பின் சஸ்பென்ஷனைத் திரும்பப் பொருத்தியபோது மெக்கானிக் கருப்பையா, போல்ட்டுகள் கழலாமல் பிடிக்கும் பூட்டுப் பசையைப் போடவில்லை என்பது ஒன்று. வண்டியை ஓட்டத்துக்கு எடுக்கலாம் என்று அவரே சொன்னார் என்பது இரண்டு. வேலை முழுவதும் சரியாக முடிந்ததாக ஜாப் கார்டில் அவர் கையெழுத்திட்டிருக்கிறார் என்பது மூன்று. முதல் இரண்டும் பொய். மூன்றாவதில் கையெழுத்து மட்டும் உண்மை. இது எனக்கு எப்படித் தெரியும் என்று நீ கேட்க முடியாது. வேலை நடந்த அறையில் நான் உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த மாதம் உனக்குக் கல்யாணம். கல்யாணத்துக்கு நிற்கும் மகனுக்கு ஓர் அம்மா எழுதும் கடிதம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அப்படி ஒன்றை எழுதத்தான் நினைத்தேன். இரண்டு பக்கம் எழுதியும் வைத்திருந்தேன். நேற்று மத்தியானம் அதைக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு உன் வீட்டிலிருந்து வந்துவிட்டேன். இதை ஸ்டெல்லாவின் வீட்டிலிருந்து எழுதுகிறேன். உனக்குத் தெரியும், நம் ஊர்க்காரி, இங்கே சோஹாரில் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருப்பவள். உறையை ஒட்டாமல்தான் தருகிறேன். ஸ்டெல்லா படித்துவிட்டாள். லிஜி படித்தாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. உன்னோடு வாழப்போகிறவள் படிப்பது நல்லதுகூட. முப்பது வருடம் மாவட்ட நிருபராக இருந்தவள் நான். பார்த்ததைப் பார்த்த வரிசையில் எழுதுகிறேன். பிடிக்காவிட்டாலும் கடைசிவரை படி.

போன வாரம் செவ்வாய்க்கிழமை உனக்கு மத்தியானச் சாப்பாடு எடுத்துக்கொண்டு வந்தேன். வெளியே நாற்பத்தைந்து டிகிரி வெயில். மாலுக்குள் நீ மேற்பார்வை செய்யும் செயற்கைப் பனிக்கூடத்தில் தண்ணீர் உறையும் குளிர். இரண்டுக்கும் நடுவில் உன் ஒர்க்‌ஷாப் அறை. பனிக்கூடத்துப் பக்கம் தடித்த பிளாஸ்டிக் பட்டைகள் தொங்குகின்றன. யாராவது அதை விலக்கிக்கொண்டு வரும்போதெல்லாம் என் கணுக்கால் விறைத்தது. நீ போனில் இருந்தாய். உட்கார் என்று கையைக் காட்டினாய். உட்கார ஒன்றும் இல்லை என்பதை நீ பார்க்கவில்லை. ஒரு பெயிண்ட் டப்பாவைக் கவிழ்த்து, அதன்மேல் சுத்தமான துணியை விரித்து எனக்கு இடம் போட்டுக் கொடுத்தவர் கருப்பையா. அவர் முன்னால் அந்த ஸ்கூட்டர் நின்றது.

"இதுக்குப் பின்னால சக்கரமே இல்லியே?" என்று கேட்டேன்.

"சக்கரம் இருந்தா பனியில பொதைஞ்சுரும்க்கா. ரப்பர் பட்டைதான் ஓடும். பட்டைக்குள்ள ஏணி மாதிரி ஒண்ணு கெடக்கு பாருங்க, அதான் சஸ்பென்ஷன். வண்டி எம்புட்டு குதிச்சாலும் ஓட்டுறவன் இடுப்பு ஒடியாம இருக்குறது அதால." பரமக்குடிப் பக்கத்து ஆள் என்றார். "பாலைவனத்துல பனி வண்டி மெக்கானிக்குன்னு சொன்னா ஊர்ல ஒருத்தனும் நம்ப மாட்டேங்குறான். 'வெயில்ல மூள கொழம்பிருச்சா'ன்னு என் வீட்டுக்காரியே கேக்குறா."

ஒன்றரை மணி நேரம் அவர் வேலையைப் பார்த்தேன். வண்டியின் பின்பக்கத்தைச் செயின் பிளாக்கில் தூக்கினார். பட்டையை இழுத்துப் பிடிக்கும் இரண்டு திருகுகளையும் தளர்த்தினார். என்னைத் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டு, ஸ்பிரிங்குகளின் நுனிகளை ஒரு கொக்கிக் கம்பியால் விடுவித்தார்; கை தவறினால் விரல் போய்விடும் என்றார். பிறகு பக்கத்துக்கு இரண்டாக நான்கு போல்ட்டுகள். அந்தக் கனமான சட்டத்தை வண்டியோடு சேர்த்துப் பிடித்திருப்பது அந்த நான்குதான். அவற்றைக் கழற்றி, வண்டியைப் பக்கவாட்டில் சாய்த்து, பட்டைக்குள்ளிருந்து சட்டத்தை உருவி எடுத்தார். அடியில் தேய்ந்துபோயிருந்த பிளாஸ்டிக் பட்டிகளையும் ஒரு பேரிங்கையும் மாற்றினார். திரும்பப் பொருத்துவதுதான் கஷ்டம். சட்டத்தை மடக்கி உள்ளே நுழைத்து, அதன் துளையும் வண்டியின் துளையும் நேருக்கு நேர் வரும்வரை ஒரு கம்பியால் நெம்பிக்கொண்டே இருந்தார். அந்தச் சில்லிட்ட அறையில் அவருக்கு வியர்த்தது. ஒவ்வொரு போல்ட்டின் மரையையும் துடைத்து, சின்னக் குப்பியிலிருந்து சிவப்புப் பசையை இரண்டு சொட்டு விட்டார். நான்கிலும் விட்டார். இறுக்கம் போதும் என்று டார்க் ரெஞ்ச் 'டொக்' சொல்லும்வரை முறுக்கினார். நான்கு 'டொக்' கேட்டது. முறுக்கிய ஒவ்வொரு போல்ட்டின் தலையிலிருந்தும் வண்டியின் உடல்வரை மஞ்சள் பெயிண்டால் ஒரு கோடு இழுத்தார். கோடு விலகினால் போல்ட் நகர்ந்துவிட்டது என்று பார்த்தவுடன் தெரியுமாம்.

அப்போது நீ போனை வைத்துவிட்டு வந்தாய்.

"முடிஞ்சுதா? யல்லா, சீக்கிரம் வண்டிய எறக்கும்."

"முடிஞ்சிருச்சு சார். பசை காயணும். நாளைக்கு இந்நேரம் எடுத்துக்கங்க. ஈரத்தோட குளிருக்குள்ள போனா அது காயவே காயாது."

"மூணு மணிக்கு ஸ்கூல் பிள்ளைய வாறாவ. மத்த ஸ்கூட்டர் படுத்துக் கெடக்கு. ரெஸ்க்யூவுக்கு ஒரு வண்டி உள்ள நிக்காம ஹாலைத் தொறக்கப்பிடாதுன்னு ஒமக்குத் தெரியாதா?"

"தெரியும் சார். மூணு மணிக்கு வேணும்னு காலைலயே சொல்லியிருந்தா நான் கழட்டியே இருக்க மாட்டேன்."

"கலாஸ், போதும். இன்னைக்கு ஓடட்டும். நாளைக் காலைல நானே வண்டிய ஒம்ம கையில தாறேன். கழத்திப் புதுசாப் பசை போட்டு முறுக்கிக்கிடும்."

"சார், ஒரு நாளுதான..."

"யல்லா, யல்லா."

கருப்பையா என்னைப் பார்த்தார். நான் டிபன் பாக்ஸின் மூடியைத் திறந்துகொண்டிருந்தேன். அதையும் எழுதிவிட வேண்டும். உன்னைவிடப் பதினைந்து வயது மூத்த ஒருவர் உன் முன்னால் கெஞ்சிக்கொண்டு நின்றார். உன்னைப் பெற்றவள் மீன் குழம்பு ஆறிவிடுமே என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

உன் அறையில் நீ சாப்பிட்டபோது மேசையில் ஒரு கட்டுத் தாள் கிடந்தது. ஜாப் கார்டுகள். என்ன வேலை, எந்த வண்டி, எத்தனை மணி நேரம் என்ற இடமெல்லாம் காலி. அடியில் மட்டும் 'கருப்பையா' என்று தமிழில், ஒவ்வொரு எழுத்தும் உருண்டையாக, ஒரே மாதிரி. எழுதாத தாளில் கையெழுத்து ஏன் என்று கேட்டேன். வாரத்துக்கு வேண்டிய கார்டுகளை ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே மொத்தமாகக் கையெழுத்து வாங்கிவிடுவேன், அவருக்கு இங்கிலீஷ் எழுத வராது, வேலை முடிந்தபிறகு நான் நிரப்பிக்கொள்வேன் என்றாய். "எல்லா சைட்டிலயும் இப்பிடித்தாம்மா. அவருக்கும் லேசு, எனக்கும் லேசு." நீ சொன்னது உண்மையாகவே இருக்கலாம். அவரவர் மொழியில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, மேலே எழுதப்படுவதை நம்பி வேலைக்குப் போகிறவர்கள் இந்த வளைகுடாக் கரை முழுவதும் இருக்கலாம். அதை நம்பிக்கை என்று நீ நினைத்துவிடாதே. அவர்களுக்கு வேறு வழி இல்லை. ஒருவருக்கு வேறு வழி இல்லாத இடத்தில் நீ எப்படி நடந்துகொள்கிறாய் என்பதுதான் உன்னைப் பற்றி நான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. தெரிந்துகொண்டேன்.

புதன், வியாழன், வெள்ளி மூன்று நாளும் காலையில் கருப்பையா வண்டியைக் கேட்டார். நீ தரவில்லை. இதை அவர் சொன்னதை மட்டும் வைத்து எழுதவில்லை. பனிக்கூடத்தில் ரெஸ்க்யூ வேலை பார்க்கும் நேபாளிப் பையன் திலக்கும், நான் கேட்காமலே, இந்தியில் அதையே சொன்னான். அவன் அதைச் சொன்னது ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு. சனிக்கிழமை அவன் ஓட்டிக்கொண்டிருந்தபோதுதான் இடது பக்கத்து முன் போல்ட் கழன்று விழுந்தது. சட்டம் ஒரு பக்கம் சரிந்து பட்டையில் குத்தியது, பட்டை பூட்டிக்கொண்டது, வண்டி குப்புற அடித்தது. அவனுடைய முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பும் முறிந்திருக்கிறது. நடப்பான் என்று ஸ்டெல்லா சொல்கிறாள். எப்போது என்று சொல்லவில்லை. மற்ற மூன்று போல்ட்டுகளிலும் பசை இருந்ததா இல்லையா என்று யாராவது கழற்றிப் பார்த்திருந்தால் உன் அறிக்கையின் முதல் வாக்கியம் அங்கேயே செத்திருக்கும். அந்த மூன்றும் இப்போது எங்கே இருக்கின்றன என்று எனக்குத் தெரியாது. தெரியாததை எழுத மாட்டேன்.

நேற்று நீ சாப்பிட வந்தபோது அறிக்கையை உன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். நீ அதைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய், சோற்றைப் பிசைந்தாய். நீ பேசியதை நீயே ஒருமுறை படித்துப் பார்ப்பது நல்லது.

"எம்மா, நீ சாப்பாடு கொண்டு வந்த. அவ்வளவுதான். நீ ஒண்ணும் பாக்கல்ல."

"பாத்தேன்."

"பாத்தா என்னா? என் வேலைய காலி பண்ணணுமா ஒனக்கு? லிஜி வீட்டுல போய் என்னன்னு சொல்லுவ?"

"நீ எழுதினத சொல்லுவேன்."

"ஒனக்கு இந்த நாட்டுக் கதை தெரியாது. பொறுப்பு என் தலையில வந்தா எனக்கு ஜெயிலு. அவருக்குன்னா விசா கான்சல், அவ்வளவுதான். அவருக்கும் வழி பண்ணியாச்சு. சவுதியில அல் கோபார்ல இதே மாதிரி ஒரு பனி ஹால் தொறக்கான், அங்க சொல்லி வச்சிருக்கேன். அவரே சரின்னுட்டாரு. ஒனக்கு மட்டும் என்னா கேடு?"

"அவரு சரின்னது எதுக்குன்னு அவருக்குத் தெரியுமாலே?"

நீ எழுந்தாய். கையைக் கழுவிவிட்டு வந்து, "கல்யாணம் முடியட்டும்மா, பொறவு பேசலாம்" என்றாய். எனக்குச் சர்க்கரை மாத்திரை போடும் நேரமாகிவிட்டது என்று நினைவுபடுத்தினாய். கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனாய். நீ கத்தியிருந்தால் ஒருவேளை நான் அங்கேயே இருந்திருப்பேன்.

இப்படிப் பேச எங்கே கற்றுக்கொண்டாய் என்று யோசித்தேன். யோசிக்க வெகுநேரம் தேவைப்படவில்லை. நீ டிப்ளமோ இரண்டாம் வருடம் படித்தபோது நம் துறைமுகத்து ஐஸ் பிளாண்ட்டில் கேஸ் கசிந்து, மீன் அள்ளும் பெண்கள் இரண்டு பேர் மயங்கி விழுந்தார்கள். செய்தி அனுப்பும் நேரம் நெருங்கிவிட்டது. நான் இடத்துக்குப் போகவில்லை. முதலாளிக்குப் போன் போட்டேன். ஆபரேட்டர் குடித்துவிட்டு வால்வைத் திறந்து போட்டுவிட்டான் என்றார். அப்படியே எழுதினேன், பெயரைப் போட்டு. மறுநாள் காலை அவன் மனைவி வந்தாள். அவன் வாழ்நாளில் குடித்ததில்லை, வால்வு பழுது என்று இரண்டு நாள் முன்பே முதலாளியிடம் சொல்லியிருக்கிறான், சாட்சி இருக்கிறது என்றாள். விசாரிக்கிறேன் என்றேன். விசாரித்தேன், அவள் சொன்னது சரி. மறுப்பு போட்டால் ஆசிரியர் என்னைப் பற்றி என்ன நினைப்பார் என்று பயந்தேன். அவள் இரண்டாம் முறை வந்தாள், நாளை வா என்றேன். மூன்றாம் முறை வந்தபோது நான் அடுக்களையில் இருந்தேன், உன்னை வாசலுக்கு அனுப்பினேன். "அம்மா ஊர்ல இல்ல, அக்கா" என்றாய். மிக நன்றாகச் சொன்னாய். ஒரு தடுமாற்றமும் இல்லை. அவள் போனபிறகு நான் உனக்கு ஆம்லெட் போட்டுக் கொடுத்தேன். அந்த ஆபரேட்டரை அதன்பிறகு எந்த ஐஸ் பிளாண்ட்டும் வேலைக்கு வைக்கவில்லை. லாரியில் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தான். என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வான். இன்றுவரை ஒரு வரி மறுப்பு நான் எழுதவில்லை. இதை நான் உனக்குச் சொல்வது, 'அம்மாவும் அப்படித்தான்' என்று நீ ஆறுதல் அடைய அல்ல. அந்த வேலையை நான் உன்னிடம் செய்யச் சொன்னேன் என்பதற்காக. கல்யாண புத்திமதி ஒன்றாவது கொடு என்று நீ கேட்டால் என்னிடம் இருப்பது இது ஒன்றுதான். உன் வாசலுக்கு நியாயம் கேட்டு யாராவது வந்தால் லிஜியை அனுப்பாதே. நீ போ.

உன் அப்பாவைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நிச்சயதார்த்தத்தில் மைக்கைப் பிடித்துக்கொண்டு, "நான் ஜுபைல் கேம்பில் கிடந்த ஒரு தொழிலாளியின் மகன்" என்று பேசினாய். எல்லாரும் கை தட்டினார்கள். லிஜியின் சித்தப்பா கண்ணைத் துடைத்தார். நானும் அன்று அழுதேன். இப்போது அதற்காக வெட்கப்படுகிறேன். அப்பா பதினெட்டு வருடம் அங்கே குழாய்களுக்கு போல்ட் முறுக்கினார். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை லீவில் வருவார், வந்தால் தூங்குவார். கம்பெனியைப் பற்றிப் பேச மாட்டார். ஒரே ஒருமுறை, அவர் அறையில் இருந்த ஒருவரை எதற்கோ பழி போட்டு அனுப்பிவிட்டார்கள் என்று சொன்னார். நீங்கள் எல்லாரும் என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். "பெட்டி கட்டிக் கொடுத்தோம்" என்றார். அந்தப் பெட்டியைக் கட்டியவரின் மகன் நீ. இனி எந்த மேடையிலும் நீ அவர் பெயரைச் சொல்லக் கூடாது. சொன்னால் அந்த மேடைக்கே வந்து மறுப்பேன்.

இன்று காலை கருப்பையாவைப் பார்த்தேன். அவருடைய தொழிலாளர் கேம்புக்குள் என்னை விடமாட்டார்கள் என்பதால், எதிரே இருக்கும் மலையாளியின் டீக்கடையில் உட்கார்ந்தோம். ஸ்டெல்லாவும் கூட இருந்தாள். அவர் இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தார். நாளைக்கு விசாரணையில் ஒரு கையெழுத்துதான், அப்புறம் ஊர், அப்புறம் அல் கோபார் என்று எனக்கு ஆறுதல் சொல்வதுபோலப் பேசினார். உன்மேல் அவருக்குக் கோபமே இல்லை. "சாரு சின்ன வயசுக்கா. பயந்துட்டாரு. எனக்கு வேற எடம் பாத்துத் தந்துட்டாருல்ல" என்றார். அந்த அறிக்கையில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியுமா என்று கேட்டேன்.

"போல்ட்டு கழண்டுச்சுன்னு எழுதியிருப்பாரு. கழண்டது நெசந்தானே."

நான் மூன்று வாக்கியங்களையும் தமிழில் சொன்னேன். நிதானமாக, ஒரு சொல்லும் கூட்டாமல். முதல் வாக்கியத்திலேயே அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

"பசை போடலைன்னா எழுதியிருக்காரு?"

"ஆமா."

"நான் பசை போடலையா?"

"அப்பிடித்தான் எழுதியிருக்கான்."

"ஒம்பது வருசம்க்கா. இந்த வண்டிய நான் எத்தன தடவ கழட்டி மாட்டியிருப்பேன். பசை இல்லாம ஒரு போல்ட்டு மாட்டுனதில்ல. என்னைப் பாத்து..." எழுந்துவிட்டார். திரும்ப உட்கார்ந்தார். "வேலைய விட்டு அனுப்புனா அனுப்பட்டும். வேல தெரியாதவன்னு எழுதி அனுப்புவாகளா?"

கடைக்காரர் எங்களைப் பார்த்தார். ஸ்டெல்லா மிச்சத்தையும் விளக்கினாள். அப்படி ஒரு தாளில் கையெழுத்து விழுந்துவிட்டால் அல் கோபாரில் இருப்பவர்கள் அதைக் கேட்டு வாங்கிப் படிப்பார்கள், படித்த பிறகு எந்த வண்டிப் பக்கமும் அவரை விடமாட்டார்கள் என்று. நீ சொல்லி வைத்திருக்கும் வேலை அந்த நிமிடமே இல்லாமல் போகும். உனக்கு இது தெரியாமல் இருந்திருக்க முடியாது. தெரிந்துதான் அவருக்கு அந்த வேலையைக் காட்டினாய்.

நான் பார்த்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன், நாளைக்கு நானே வந்தும் சொல்கிறேன் என்றேன். அவர் தலையை ஆட்டினார்.

"வேணாம்க்கா. நீங்க வந்து சொன்னா அது ஆத்தாளுக்கும் மகனுக்கும் சண்டைன்னு ஆயிரும். அவுக ஆளு ஆளுக்குச் சிரிப்பாக. அவரு வாயால சொல்லட்டும். நான் பசை போட்டேன், காயணும்னு சொன்னேன், அவருதான் எடுக்கச் சொன்னாருன்னு. அம்புட்டுப் போதும். அவரு சொன்னாத்தான் என் கைக்கு மரியாத."

"அவன் சொல்லலைன்னா?"

"பெத்த புள்ளைய நீங்களே காட்டிக்குடுத்தீகன்னு நாளைக்கு ஊரு பேசும்க்கா. எனக்காக அந்தப் பேரு உங்களுக்கு வேணாம்" என்றார்.

"ஊர் பேசுனத எழுதித்தான் முப்பது வருசம் சோறு தின்னேன். எனக்கு அது பழக்கம்" என்றேன். ஸ்டெல்லா சிரித்துவிட்டாள். அவர் சிரிக்கவில்லை.

அவர் கேட்டதில் பாதிக்குத்தான் ஒத்துக்கொண்டேன். நீ முதலில் சொல்ல வேண்டும் என்பதை ஒத்துக்கொண்டேன். நீ சொல்லாவிட்டால் நான் வாயை மூடிக்கொள்வேன் என்பதை ஒத்துக்கொள்ளவில்லை. ஆகவே ஏற்பாடு இது. நான் பார்த்தது, கேட்டது எல்லாவற்றையும் தமிழில் நான்கு பக்கம் எழுதியிருக்கிறேன். ஸ்டெல்லா ஆங்கிலத்தில் எழுதித் தந்திருக்கிறாள். இரண்டிலும் என் கையெழுத்து இருக்கிறது. மேலே எழுதிய பிறகுதான் கையெழுத்துப் போட்டேன். அதில் உன் பெயர் ஏழு இடத்தில் வருகிறது. உன்னை நான் எங்கேயும் 'என் மகன்' என்று எழுதவில்லை. 'மேற்பார்வையாளர்' என்றுதான் எழுதியிருக்கிறேன். எனக்கும் உனக்கும் என்ன உறவு என்று அவர்கள் கேட்டால் அப்போது சொல்லிக்கொள்கிறேன். திலக்கின் கால் எலும்புக்கு என்ன பதில் என்பதை நீயும் மேனேஜரும் பேசிக்கொள்ளுங்கள். ஜெயில் என்றால் ஜெயில். வாரா வாரம் பார்க்க வருவேன், சாப்பாடு கொண்டு வரவும் அனுமதி கேட்பேன். அதிலெல்லாம் உனக்குச் சந்தேகம் வேண்டாம்.

லிஜிக்கு நான் போன் செய்யவில்லை. அது உன் வேலை. கல்யாணத்துக்கு வருவேனா என்று நீ யோசித்தால், அதை இப்போது கேட்காதே. எனக்கே பதில் தெரியாத கேள்வி அது.

விசாரணை நாளைக் காலை பத்து மணிக்கு என்று கருப்பையாவுக்குக் கொடுத்த தாளில் போட்டிருக்கிறது. பத்து மணிக்கு அந்தத் தாள்களோடு நான் அந்த அறை வாசலில் நிற்பேன். உன் மேனேஜர் எட்டு மணிக்கே வந்துவிடுவார் என்று நீதான் பெருமையாகச் சொல்லுவாய்.

அம்மா